எலியின் இதயமும் மீச்சிறு பொது மடங்கும்

2009-ஆம் ஆண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். மயக்க மருந்து கொடுத்த ஒரு சுண்டெலி, குழாய் மாதிரியான ஒரு கருவிக்குள் படுத்திருக்கிறது. அதன் வாலில் உள்ள இரத்தக் குழாயில் பழுப்பு நிறத் திரவம் கொஞ்சம் ஏற்றுகிறார்கள். திரவம் பெருஞ்சிரை வழியாக வந்து, இதயத்தின் வலப்பக்கம் நுழைந்து, நுரையீரலைச் சுற்றிவிட்டு, இடப்பக்கத்துக்குத் திரும்புகிறது. இந்தப் பயணம் முழுவதும் முப்பரிமாணப் படங்களாகக் கிடைத்தது. நொடிக்கு 46 படங்கள்! தியேட்டரில் ஓடும் சினிமாவே நொடிக்கு 24 படங்கள்தான்.

எக்ஸ்ரே கிடையாது. எலியைக் கீறிப் பார்க்கவும் இல்லை. அதைவிட வேடிக்கை, அந்தக் கருவி படம் என்று எதையும் எடுக்கவே இல்லை. அதற்குக் கிடைத்ததெல்லாம் சில கம்பிச் சுருள்களில் ஏறி இறங்கிய மின்னழுத்தம். வெறும் எண்கள். அந்த எண்களை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். விடையாக வந்ததுதான் எலியின் இதயம்.

அந்தக் கணக்கைத்தான் இன்று பார்க்கப்போகிறோம். மீச்சிறு பொது மடங்கு தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்கத் தெரிந்தால் மீதியும் ஆயிற்று. சமன்பாடு இன்னும் படிக்கவில்லையா? பரவாயில்லை. கூட்டவும் வகுக்கவும் தெரிந்தால் கூடவே வாருங்கள்.

பழுப்புத் திரவம்

அந்தத் திரவத்தில் மிதப்பவை இரும்பு ஆக்ஸைடு துகள்கள். சைக்கிள் செயினில் பிடிக்கிற துருவுக்குப் பங்காளி முறை. ஆனால் அளவுதான் நம்ப முடியாது. நன்றாக வேலை செய்யும் துகளின் காந்த உட்பகுதி 20 முதல் 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். உங்கள் தலைமுடி ஒன்றின் குறுக்கே இந்தத் துகள்களை வரிசையாக அடுக்கினால் இரண்டாயிரம், மூவாயிரம் கொள்ளும். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடாமல் இருக்கச் சர்க்கரை வகைப் பொருள் ஒன்றால் மேல்பூச்சு கொடுத்திருப்பார்கள்.

எலிக்கு ஏற்றிய திரவத்தின் பெயர் ரெசோவிஸ்ட். இதற்காகவே செய்த மருந்து இல்லை அது. கல்லீரலை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது நோயாளிகளுக்குப் போடுவதற்காக வந்தது. வேலை முடிந்ததும் துகள்களைக் கல்லீரல் பிடித்துச் சிதைத்துவிடும். அதிலிருக்கும் இரும்பு, நாம் சாப்பிடும் கீரையிலிருந்து வரும் இரும்பைப் போலவே உடம்பின் கணக்கில் சேர்ந்துவிடும்.

காந்தத் துகளைத் திரவத்தில் மிதக்கவிடும் வித்தை இதற்கும் முந்தியது. 1963-ல் அமெரிக்காவின் நாசாவில் ஸ்டீபன் பாபெல் என்ற பொறியாளர் இப்படி ஒரு திரவம் செய்தார். எடையற்ற விண்வெளியில் ராக்கெட் எரிபொருள் தொட்டிக்குள் அங்கங்கே உருண்டைகளாக மிதக்கும், குழாய்க்கு வராது. எரிபொருளிலேயே காந்தத் துகளைக் கலந்துவிட்டால் காந்தத்தால் இழுத்துக் கொண்டுவரலாமே என்பது அவர் யோசனை. ராக்கெட்டுக்கு நினைத்தது இப்போது எலியின் இரத்தத்தில் ஓடுகிறது.

இவ்வளவு சின்னதாக இருப்பதில் ஒரு லாபம் உண்டு. ஒரு ஆணியைக் காந்தத்தில் தேய்த்தால், காந்தத்தை எடுத்த பிறகும் ஆணி குண்டூசியை இழுக்கும். இந்தத் துகள்கள் அப்படி இல்லை. வெளியே காந்தப்புலம் இருக்கும்வரை ஒரே பக்கம் திரும்பி நிற்கும். புலம் போனதும் வெப்பத்தின் உலுக்கலில் ஆளுக்கொரு திசையாகக் கலைந்துவிடும். பழசை ஞாபகம் வைத்துக்கொள்ளாது.

இன்னொரு குணமும் இருக்கிறது. மொத்தக் கருவியும் அதன்மேல்தான் நிற்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்து விளையாடுகிறார்கள். வாசலில் ஐஸ் வண்டிக்காரர் மெல்ல மணியடிக்கிறார். பத்துப் பேர் திரும்புகிறார்கள். பலமாக அடிக்கிறார். ஐம்பது பேர். இன்னும் பலமாக அடித்தால் மைதானம் முழுக்க வாசலைப் பார்த்து நிற்கிறது. அதற்கு மேல் அவர் மணி கழன்று விழும்வரை ஆட்டினாலும் புதிதாகத் திரும்ப ஆள் இல்லை. காந்தத் துகள்களும் இப்படித்தான். புலம் சிறிதாக இருக்கும்போது அதற்கேற்பத் திரும்பும். ஓர் அளவைத் தாண்டினால் எல்லாம் திரும்பி முடித்து அசையாமல் நிற்கும். இயற்பியலில் இதைத் தெவிட்டு நிலை என்பார்கள். முதலில் விறுவிறுவென ஏறிப் பிறகு படுத்துவிடும் இந்த வளைகோட்டின் கணக்கை 1905-லேயே பிரான்ஸ் நாட்டுப் பால் லாஞ்செவன் எழுதிவைத்துவிட்டார்.

ஒரே ஒரு சுதந்திரப் புள்ளி

பெர்ன்ஹார்ட் கிளைஷ் ஹாம்பர்க் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர். இந்தத் தெவிட்டு நிலையை வைத்தே படம் எடுக்கலாம் என்று 2001 வாக்கில் அவருக்குத் தோன்றியது. யூர்கன் வைட்செனெக்கர் என்ற சக ஆய்வாளரும் அவரும் சேர்ந்து செய்துகாட்டி, 2005 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். காந்தத் துகள் படமாக்கம், சுருக்கமாக எம்.பி.ஐ., என்று இதற்குப் பெயர். 2016-ல் இருவருக்கும் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது கிடைத்தது.

அவர்கள் செய்தது இதுதான். இரண்டு வலுவான காந்தங்களை ஒத்த துருவங்கள் எதிரெதிரே பார்க்கும்படி வைத்தார்கள். இந்தக் காந்தம் இப்படித் தள்ள, அந்தக் காந்தம் அப்படித் தள்ள, நடுவில் ஓர் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அங்கே காந்தப்புலம் சுழியம். அந்த இடத்தைவிட்டுச் சில மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே புலம் கிடுகிடுவென ஏறிவிடும். அதாவது, அந்த ஒரு புள்ளியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் துகள்கள் தெவிட்டிப்போய் விறைத்து நிற்கின்றன. புள்ளியில் இருப்பவைக்கு மட்டும் சுதந்திரம்.

இப்போது மூன்றாவதாக ஒரு சுருளில் மாறுமின்னோட்டம் விட்டு, நொடிக்குச் சுமார் 25,000 முறை முன்னும் பின்னும் ஆடும் ஒரு சின்னப் புலத்தைச் சேர்க்கிறார்கள். நம் காது 20,000 வரைதான் கேட்கும். இது அதற்கும் மேலே. விறைத்து நிற்கும் துகள்கள் இதைச் சட்டையே செய்யாது. புள்ளியில் உள்ள துகள்கள் மட்டும் இப்படியும் அப்படியும் புரளும். காந்தம் புரண்டால் பக்கத்துச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என்பது ஃபாரடே காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. சுருளில் மின்னழுத்தம் வந்தால் புள்ளி இருந்த இடத்தில் இரும்பு இருக்கிறது. வராவிட்டால் இல்லை. சதை, எலும்பு, கொழுப்பு எதுவும் இப்படிப் புரளாது. அதனால் எம்.பி.ஐ. படத்தில் துகள் மட்டுமே தெரியும், மற்றதெல்லாம் கும்மிருட்டு. எலும்பு எங்கே, விலா எங்கே என்று பார்க்க எம்.ஆர்.ஐ. படம் ஒன்றைத் தனியாக எடுத்து இதன் அடியில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? ஒரு தொல்லை உண்டு. ஆட்டிவிடும் சுருளின் சத்தமே, கேட்கும் சுருளில் பேரிரைச்சலாக வந்து விழும். அதன் பக்கத்தில் துகளின் குரல் எங்கே எடுபடும்? இங்கேதான் தெவிட்டு நிலை இரண்டாவது முறையாகக் கைகொடுக்கிறது. ஆட்டும் புலம் மேடு பள்ளமாக அழகாக ஏறி இறங்கும் அலை. துகள்களோ ஓரளவுக்குமேல் திரும்பாது. ஆகவே அவற்றின் அலையில் மேடுகளின் உச்சி வெட்டப்பட்டுத் தட்டையாக இருக்கும். உச்சி தட்டையான அலைக்குள் மூல அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளும் ஒளிந்திருக்கும். 25,000 ஹெர்ட்ஸில் ஆட்டினால் 50,000, 75,000, 1,00,000 என்று மேலே மேலே. ஆட்டும் சுருளுக்கு இந்த மடங்குகள் கிடையாது, துகளுக்கு மட்டும்தான் உண்டு. மூல அதிர்வெண்ணை வடிகட்டி வீசிவிட்டு மடங்குகளை மட்டும் கேட்டால், காதில் விழுவது துகளின் குரல்தான். இரைச்சலோடு மல்லுக்கட்டாமல், இரைச்சல் இல்லாத இடத்துக்குப் போய்க் காதுகொடுத்தார்கள் பாருங்கள். இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த புத்திசாலித்தனம் இதுதான்.

மூன்று மணிகள் எப்போது சேர்ந்தடிக்கும்?

புள்ளி ஒரே இடத்தில் நின்றால் படம் வராது. எலியின் மார்பு முழுக்க அது ஓடி வர வேண்டும். அதற்குத் தனி ஏற்பாடு தேவையில்லை. ஆட்டும் புலத்தைச் சேர்க்கும்போதே ‘சுழியம்’ விழும் இடம் நகர்ந்துவிடுகிறது. வலப்பக்கம் தள்ளும் புலத்தைச் சேர்த்தால் புள்ளி ஒரு பக்கம் ஓடும், இடப்பக்கம் தள்ளினால் மறுபக்கம். நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் ஒவ்வொரு சுருள் வைத்தால் புள்ளி ஒரு பெட்டிக்குள் சிக்குண்ட நூல்போல வளைந்து வளைந்து ஓடும். இந்த வளைவுகளுக்கு லிசாஜு வளைவுகள் என்று பெயர். இசைக்கவையில் கண்ணாடி ஒட்டி ஒளிக்கதிரை ஆடவிட்டு இவற்றைச் சுவரில் வரைந்துகாட்டிய பிரெஞ்சுக்காரரின் பெயர் அது.

மூன்று சுருளும் ஒரே வேகத்தில் ஆடினால் என்ன ஆகும்? புள்ளி ஒரே கோட்டிலோ ஒரே வட்டத்திலோ திரும்பத் திரும்பப் போகும். பெட்டியின் மற்ற இடங்களுக்கு எட்டிக்கூடப் பார்க்காது. ஆகவே வேகங்கள் கொஞ்சம் மாற வேண்டும். எவ்வளவு மாற வேண்டும்?

கருவிக்குள் நொடிக்கு 25 லட்சம் முறை தட்டும் மின்னணுக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. முதல் சுருள் 102 தட்டுக்கு ஒரு முறை ஆடும். இரண்டாவது 96 தட்டுக்கு ஒரு முறை. மூன்றாவது 99 தட்டுக்கு ஒரு முறை. மூன்றும் ஒன்றாகப் புறப்பட்டால், மறுபடி ஒன்றாகப் புறப்பட்ட இடத்துக்கு எப்போது வந்துசேரும்? ‘மூன்று மணிகள் இத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை ஒலிக்கின்றன, அடுத்து எப்போது சேர்ந்து ஒலிக்கும்’ என்று புத்தகத்தில் வருமே, யார் இப்படி மணியடிக்கிறார்கள் என்று நாம் அலுத்துக்கொள்ளும் அதே கணக்கு!

102 = 2 × 3 × 17
96 = 2 × 2 × 2 × 2 × 2 × 3
99 = 3 × 3 × 11

மீ.பொ.ம. எடுத்தால் ஐந்து 2, இரண்டு 3, ஒரு 11, ஒரு 17. பெருக்கினால் 53,856. இத்தனை தட்டுகள் ஆனதும் புள்ளி ஒரு முழுச் சுற்றை முடித்திருக்கும். அதற்குள் முதல் சுருள் 528 முறை, இரண்டாவது 561 முறை, மூன்றாவது 544 முறை ஆடியிருக்கும். நேரம் எவ்வளவு? 53,856-ஐ 25 லட்சத்தால் வகுத்தால் 0.0215 நொடி. நொடிக்கு எத்தனை சுற்று? 46. முதல் பத்தியில் சொன்ன 46 இங்கேயிருந்துதான் வருகிறது.

சரி, 102, 96, 99-க்குப் பதிலாக 101, 103, 107 என்று மூன்று பகா எண்களை வைத்தால்? மூன்றுக்கும் பொதுக் காரணி இல்லை. மீ.பொ.ம. 11,13,121. புள்ளி பெட்டிக்குள் இன்னும் நெருக்கமாக ஓடித் துழாவும், அது நல்லதுதான். ஆனால் ஒரு சுற்றுக்கு 0.445 நொடி ஆகிவிடும். சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் துடிக்கிறது. ஒரு படம் முடிவதற்குள் அது துடித்து, துடித்து, எல்லாம் கலங்கிப்போகும். நெருக்கமாகவும் ஓட வேண்டும், சீக்கிரமும் முடிய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பொருந்திவந்த எண்கள்தான் அந்த மூன்றும்.

இனிமேல்தான் கணக்கு

புள்ளி இவ்வளவு வேகமாக ஓடும்போது, அது போகும் வழியில் பார்த்ததெல்லாம் ஒரே மின்னழுத்த அலைக்குள் கலந்து வருகிறது. அதைப் பிரித்து எடுக்க வேண்டும். முதலில் எலி இல்லாமல் ஒரு ஒத்திகை நடக்கும். எலி படுக்கும் இடத்தைச் சின்னச் சின்னக் கனசதுர அறைகளாகக் கற்பனையில் பிரிக்கிறார்கள். பக்கத்துக்கு 30 அறை என்று வையுங்கள், மொத்தம் 27,000. ஒரு துளித் துகள் திரவத்தை ஒரு இயந்திரக் கையில் மாட்டி, முதல் அறையில் வைத்து, சுருள் என்ன சொல்கிறது என்று எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த அறை. அதற்கடுத்த அறை. அறைக்கு 2 நொடி என்றாலே 15 மணி நேரம். இயந்திரக் கைக்குத் தூக்கம் வராது என்பதால் ராத்திரியெல்லாம் இந்த வேலையை அதனிடம் விட்டுவிடலாம்.

விடியும்போது கையில் ஒரு பெரிய அட்டவணை இருக்கும். ஒவ்வொரு அறைக்கும், ஒவ்வொரு அதிர்வெண்ணிலும், ஒரு பங்கு துகள் எவ்வளவு குரல் கொடுக்கும் என்ற அட்டவணை. பிறகு எலியை வைக்கிறார்கள். இங்கே ஒரு நல்ல செய்தி. ஒரு அறையில் துகள் இரட்டிப்பானால் அதன் குரலும் சரியாக இரட்டிப்பாகும், இரண்டு அறைகளில் துகள் இருந்தால் இரண்டு குரலும் அப்படியே கூடும். அதனால் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒரு சமன்பாடு கிடைக்கிறது. ஆயிரக்கணக்கான சமன்பாடுகள், 27,000 தெரியாத எண்கள். எந்த அறையில் எத்தனை பங்கு இரும்பு என்பதே அந்தத் தெரியாத எண்கள். கண்டுபிடித்துவிட்டால் படம் வந்துவிட்டது.

நாம் இரண்டே அறைகளோடு செய்து பார்ப்போம். அறைகளின் பெயர் அ, ஆ. ஒரு அதிர்வெண்ணில் கிடைத்த சமன்பாடு:

2அ + ஆ = 8

இன்னொரு அதிர்வெண்ணில்:

அ + 2ஆ = 7

பள்ளிக்கூட வழியில் ஒன்றை நீக்கித் தீர்த்தால் அ = 3, ஆ = 2 என்று உடனே சொல்லிவிடுவீர்கள். 27,000 எண்களுக்கு அந்த வழியில் போனால் கணினிக்கு வேலை மலைபோல் குவியும். அதற்குப் பதிலாக இப்படிச் செய்கிறார்கள்.

ஒன்றும் தெரியாது என்று இரண்டையும் 0 என்று வையுங்கள். முதல் சமன்பாடு 8 கேட்கிறது, நம்மிடம் 0. குறை 8. சமன்பாட்டில் உள்ள 2, 1 இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டினால் 4 + 1 = 5. குறையை 5-ஆல் வகுத்தால் 1.6. இதை 2-க்கு 1 என்ற கணக்கில் பங்கிடுங்கள். அ-வுக்கு 3.2, ஆ-வுக்கு 1.6. முதல் சமன்பாட்டுக்குத் திருப்தி.

இரண்டாவது சமன்பாட்டிடம் போவோம். 3.2 + 3.2 = 6.4. அது கேட்பது 7. குறை 0.6. ஐந்தால் வகுத்தால் 0.12. இப்போது பங்கு 1-க்கு 2. அ 3.32 ஆகிறது, ஆ 1.84 ஆகிறது. இரண்டாவதுக்குத் திருப்தி, ஆனால் முதலாவது கெட்டுவிட்டது. அங்கே இப்போது 8.48, மிகை 0.48. மறுபடி அதனிடம் போய், வகுத்துப் பங்கிட்டுக் கழித்தால் அ 3.128, ஆ 1.744. மறுபடி இரண்டாவதிடம். அ 3.2048, ஆ 1.8976. இப்படி ஒன்று மாற்றி ஒன்றைச் சமாதானம் செய்துகொண்டே போனால் பத்தாவது சுற்றில் அ 3.006, ஆ 1.997. சரியான விடை வாசலிலேயே நிற்கிறது. நோட்டில் போட்டுப் பாருங்கள். வரைபடத்தாள் இருந்தால் இரண்டு சமன்பாடுகளையும் கோடுகளாக வரைந்து, ஒரு கோட்டிலிருந்து மற்றக் கோட்டுக்குச் செங்குத்தாக எப்படித் தாவித் தாவிப் போகிறோம் என்று புள்ளி வைத்துப் பாருங்கள். கோடுகள் வெட்டும் மூலைக்குள் வழி நெளிந்து நுழைவது தெரியும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்டெஃபான் கச்மார்ஷ் என்ற போலந்து நாட்டுக் கணிதர். லுவூவ் நகரத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்தார். அந்த ஊர் இப்போது உக்ரைனில் இருக்கிறது. 1937-ல் ஜெர்மன் மொழியில் மூன்றே பக்கத்தில் எழுதி வெளியிட்டார். இரண்டாண்டில் உலகப்போர் மூண்டது, கச்மார்ஷ் வீடு திரும்பவில்லை. 1970-ல் அவர் வழியை அறியாமலேயே வேறு மூவர் அதே முறையைப் படமாக்கத்துக்காக மறுபடி கண்டுபிடித்தார்கள். 1971-ல் லண்டனில் முதல் நோயாளியின் தலையை சி.டி. ஸ்கேன் எடுத்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த முறையைத்தான் கையாண்டார். சி.டி. ஸ்கேனுக்காக 1979-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கச்மார்ஷ் இதில் எதையும் பார்க்கவில்லை.

கழித்தல் இரும்பு

இவ்வளவு ஒழுங்காக எல்லாம் நடந்தால் இந்தத் துறையில் இத்தனை பேருக்கு வேலையே இருந்திருக்காது. சிக்கல் எங்கே என்றால், ‘சுதந்திரப் புள்ளி’ நான் சொன்ன மாதிரி ஊசிமுனை அல்ல. லாஞ்செவனின் வளைகோடு சட்டென்று மடங்குவதில்லை, சரிந்து சரிந்து படுக்கிறது. எனவே புள்ளி உண்மையில் கொஞ்சம் அகலமான ஒரு மங்கல் உருண்டை. அடுத்தடுத்த இரண்டு அறைகள் அந்த உருண்டைக்குள் ஒன்றாகவே மாட்டும். இரண்டின் குரலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைப் பிரித்துச் சொல்லும் தகவல் உயர்ந்த மடங்கு அதிர்வெண்களில்தான் இருக்கிறது, அங்கேயோ குரல் மிகவும் மெல்லியது.

பலமாகக் கேட்கும் சமன்பாடுகள் மட்டும் கையில் இருக்கின்றன என்று வையுங்கள்:

100அ + 100ஆ = 500
101அ + 100ஆ = 503

விடை பழையதுதான், அ = 3, ஆ = 2. ஆனால் சுருள் என்றால் இரைச்சல் இருக்கும். 503 என்பது 505 என்று பதிவாகிவிட்டால்? கழித்துப் பாருங்கள். அ = 5, ஆ = 0. இரண்டாவது அறை காலி! 507 என்று பதிவானால் அ = 7, ஆ = கழித்தல் 2. இரண்டு பங்கு ‘இல்லாத இரும்பு’ ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிறது! 503-க்கும் 507-க்கும் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அளவில் கடுகு, விடையில் பூசணி. கணிதர்கள் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு, நோயுற்ற நிலையைக் குறிக்கும் ‘ill’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துப் பெயர் வைத்தது பொருத்தம்தான்.

மருந்து இரண்டு. முதலாவது சுலபம். கழித்தல் இரும்பு உலகத்தில் கிடையாது, ஆகவே கச்மார்ஷ் நடையின் நடுவே எந்த எண்ணாவது சுழியத்துக்குக் கீழே போனால் அதைத் தூக்கிச் சுழியத்தில் வைத்துவிடு. இரண்டாவது மருந்து சோவியத் கணிதர் ஆந்திரே டிகனோவ் 1963-ல் முறைப்படுத்தியது. விடையிடம் இரண்டு நிபந்தனை போட வேண்டும் என்றார். ஒன்று, அளந்த எண்களோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு, விடை அநாவசியமாக எகிறக்கூடாது. முதல் நிபந்தனைக்கு எவ்வளவு மரியாதை, இரண்டாவதற்கு எவ்வளவு என்பதை ஒரு எண்ணால் திருகிக்கொள்ளலாம்.

அந்தத் திருகாணி இருக்கிறதே, அங்கேதான் ஆய்வாளர்களின் தலைவலி. நம்முடைய இரண்டு அறைகளில் கொஞ்சம் அதிகமாகத் திருகினால் விடை அ = 2.5, ஆ = 2.5 பக்கம் வந்து நிற்கும். எந்த இரைச்சலுக்கும் அசையாது, ஆனால் இரண்டு அறைக்கும் வேறுபாடு போய்விட்டது. படம் மங்கல். குறைவாகத் திருகினால் படம் கூர்மையாக இருக்கும், ஆனால் இல்லாத புள்ளிகளெல்லாம் மினுங்கும். மருத்துவர் அந்த மினுங்கலை அடைப்பு என்று நினைத்துவிட்டால்? என்னைக் கேட்டால், மங்கலான உண்மை கூர்மையான பொய்யைவிட மேல். எல்லா ஆய்வாளர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் குட்வில்லும் ஸ்டீவன் கானலியும் 2010-ல் வேறு பாதை பிடித்தார்கள். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்க்கும் வேலையே வேண்டாம் என்றார்கள். ஒவ்வொரு கணத்திலும் புள்ளி எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது என்பது நமக்குத் தெரியும். வந்த மின்னழுத்தத்தை அந்த வேகத்தால் வகுத்து, அந்த இடத்திலேயே எழுதிவைத்தால் படம். மங்கல் இருக்கும், ஆனால் என்ன வடிவ மங்கல் என்று முன்கூட்டியே தெரியும்.

மனிதர்களுக்கு இது எப்போது வரும் என்று கேட்பீர்கள். 2019-ல் ஹாம்பர்க் குழு ஒன்று மனிதத் தலை நுழையும் அளவுக்கு ஒரு கருவி செய்து காட்டியது. மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்ட நோயாளியைப் படுக்கையிலேயே வைத்துக் கண்காணிப்பது அவர்கள் நோக்கம். எலிக்குப் போதுமான காந்தத்தை மனித உடம்பு அளவுக்குப் பெரிதாக்கினால் மின்சாரம் எக்கச்சக்கமாகத் தேவைப்படும். ஆட்டும் புலம் வலுத்தால் நரம்பு துடிக்கும், உடம்பு சூடாகும். ஆகவே புலத்தை அடக்கி வாசித்து, குறைகிற கூர்மையைக் கணக்கால் மீட்கப் பார்க்கிறார்கள்.

போவதற்கு முன் ஒரு புதிர். நம் இரண்டு அறை நடை பத்துச் சுற்று எடுத்துக்கொண்டது. இந்தக் கருவியிலோ ஆயிரக்கணக்கான சமன்பாடுகள் இருந்தும் மிகச் சில சுற்றுகளிலேயே நல்ல படம் வந்துவிடுகிறது. காரணம், இதன் சமன்பாடுகளில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று ஒரு தனி மாதிரியான உறவில் இருக்கின்றன. அது என்ன உறவு என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். முதல் சமன்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாவதை மட்டும் மாற்றித் தருகிறேன்:

2அ + ஆ = 8
அ − 2ஆ = −1

0, 0-இலிருந்து புறப்படுங்கள். வகுக்கும் எண் இரண்டுக்குமே 5 தான். பங்கிடும்போது இரண்டாவது சமன்பாட்டில் ஆ-வின் பங்குக்குக் கழித்தல் குறி உண்டு, மறந்துவிடாதீர்கள். எத்தனை அடியில் 3, 2-க்குப் போய்ச் சேர்கிறீர்கள் என்று பாருங்கள். பிறகு இரண்டு கோடுகளையும் வரைபடத்தாளில் வரைந்து, அவை வெட்டும் இடத்தில் கோணமானியை வையுங்கள்.